செயலாளர் ஆண்டறிக்கை: திரைக்கேற்ற ஸ்கேலர் அமைப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஆண்டுப் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். திரையிட்ட படங்களின் பட்டியல் உங்கள் கையிலுள்ள அச்சுத்தாளில் இருக்கிறது. ஆகவே, முத்தியால்பேட்டை அரங்கில் முகங்கள் நீண்டு தெரிகின்றன, சப்டைட்டில் மங்குகிறது என்று சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முறையிட்டதற்குக் கண்ட தீர்வை விளக்கவே இவ்வறிக்கையை ஒதுக்குகிறேன். புதிய புரொஜெக்டர் வாங்கலாம் என்று அன்று எழுந்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. இருப்பது நல்ல கருவி. அதற்குப் போய்ச் சேர்ந்த சிக்னல்தான் அதற்குப் பொருந்தவில்லை.

நம் புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் பேனலில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1200 பிக்சல்கள் உள்ளன, விகிதம் 16:10. படத்தின் அளவைத் திரைக்கேற்ப மாற்றி புரொஜெக்டருக்கு அனுப்பும் கருவியான ஸ்கேலரோ 1920×1080 என்ற தொலைக்காட்சி அளவில் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. டிவிடியின் 576 வரிகளை ஸ்கேலர் 1080 ஆக்க, முழுத்திரை நிலையில் இருந்த புரொஜெக்டர் அதை மீண்டும் 1200 ஆக இழுக்க, இப்படி இரண்டு முறை கலைத்து அடுக்கியதில் எழுத்தின் விளிம்புகள் கரைந்தன. முகங்களும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே நீண்டன. அளவு மாற்றும் வேலை ஒரே இடத்தில் ஒரே முறைதான் நடக்க வேண்டும், அதுவும் அதற்கென்றே செய்யப்பட்ட ஸ்கேலரில்தான் நடக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

இதைச் செயல்படுத்தியபோது தெரியவந்த ஒன்றைக் கருவியை இயக்கும் இளைஞர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்கேலரின் மெனுவில் 1920×1200, 60 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 60 முறை படம் அனுப்புவது) என்று இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் திரை இருண்டுவிடும். அதற்கு ஏறத்தாழ 193 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் வேகம் தேவை, நம் புரொஜெக்டரின் பழைய வகை எச்டிஎம்ஐ உள்ளீடோ 165 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஏற்கும். பட வரிகளுக்கு இடையிலான வெற்று நேரத்தைக் குறைத்து அனுப்பும் இரண்டாவது வரிக்கு 154 மெகாஹெர்ட்ஸ் போதும். அதன் பெயரின் ஈற்றில் ‘ஆர்பி’ (RB) என்று இருக்கும்.

சரியாக அமைந்துவிட்டதா என்பதை ஸ்கேலரிலேயே உள்ள சோதனைப் படத்தைக் கொண்டு பார்த்தோம். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என மாறி மாறி வரும் அந்தக் கோடுகள், பழைய அமைப்பில் அலையலையான பட்டைகளாகத் தெரிந்தன. 1200 வரிகளுக்கு மாற்றிய பிறகும் பட்டைகள் முழுவதும் நீங்கவில்லை. மேசையில் சாய்த்து வைத்த புரொஜெக்டரின் கோணலைச் சரிக்கட்டக் கீஸ்டோன் வசதி பயன்பட்டுவந்தது. அது படத்தை நெளித்து மறுபடி பிக்சல்களில் அடுக்குவதால் முழுப் பயனையும் கெடுத்துவிடும். கூரையில் தாங்கி பொருத்தி, புரொஜெக்டரைத் திரைக்கு நேராக நிறுத்தி, கீஸ்டோனைச் சுழியத்திற்குக் கொண்டுவந்த பிறகே, இருக்கையிலிருந்து பார்த்தால் ஒரே சீரான சாம்பல் நிறமும் திரையருகே சென்று பார்த்தால் தனித்தனிக் கோடுகளும் தெரிந்தன.

பழைய தமிழ்ப் படங்களுக்கு இந்தப் பேனல் உண்மையிலேயே வரப்பிரசாதம். 4:3 வடிவப் படத்தை 1600×1200 அளவில், மேலும் கீழும் இடம் வீணாகாமல் காட்டலாம். இருபுறமும் 160 பிக்சல்கள் கறுப்பாக நிற்கும். டிவிடியை எப்படியும் பெரிதாக்கத்தான் வேண்டும் என்பதால், அதை நேரே 1200 வரிகளுக்கு உயர்த்துகிறோம். ப்ளூரே படத்தை மட்டும் உள்ளபடியே 1080 வரிகளில் விட்டு, மேலும் கீழும் 60 வரிகளைக் கறுப்பாக விடுகிறோம். அந்தக் கறுப்பையும் நிரப்பலாமே என்று சிலர் கேட்டார்கள். நிரப்பினால் பக்கவாட்டில் படம் வெட்டுப்படும், அல்லது முகம் நீளும். இரண்டுமே படமெடுத்தவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாரீசிலுள்ள உறவினர்கள் வழியாக உறுப்பினர்கள் பெற்றுத்தரும் டிவிடிகள் விநாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வருகின்றன. அவற்றை 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஒரு சட்டகம் இரண்டு முறையும் இன்னொன்று மூன்று முறையும் காட்டப்பட, கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை வந்து, ஓட்டம் சீராகிறது. இனி பால் டிவிடிக்கு 50, ப்ளூரேயில் 24 சட்டகப் படத்திற்கு 24, அமெரிக்க முறை டிவிடிக்கு 60 என மூன்று நினைவுப் பொத்தான்கள் ஸ்கேலரில் பதியப்பட்டுள்ளன. 24 சட்டகத்தில் எடுத்த படம் பால் டிவிடியில் 25 ஆக ஓடுவதால், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதை நிகழ்ச்சி நிரல் தயாரிப்போர் கவனிக்க வேண்டுகிறேன்.

கறுப்பு நிலையும் திருத்தப்பட்டது. ஸ்கேலர் 0 முதல் 255 வரையிலான முழு அளவில் அனுப்ப, புரொஜெக்டர் 16-ஐக் கறுப்பாகவும் 235-ஐ வெள்ளையாகவும் எதிர்பார்த்தது. அதனால் இரவுக் காட்சிகளில் நடிகர் அணிந்த கறுப்புக் கோட்டும் பின்சுவரும் ஒன்றாகிப்போயின. இப்போது இரண்டும் ஒரே வரம்பில் உள்ளன.

அரங்கின் முன்கூடத் தொலைக்காட்சிக்கும் சிக்னலைப் பிரித்து அனுப்பிய ஸ்பிளிட்டர் அகற்றப்பட்டுள்ளது. அது தொலைக்காட்சியின் அளவையே ஸ்கேலருக்குத் தெரிவித்துவந்ததால், தானியங்கி நிலையிலிருந்த ஸ்கேலர் ஒவ்வொரு முறையும் 1080-க்கே திரும்பிவிடும். வெளியீட்டைக் கையால் நிலைப்படுத்தியுள்ளோம். ‘ஆட்டோ’வை யாரும் தொட வேண்டா.

கடற்காற்றில் கேபிள் முனைகள் களிம்பேறுவதால், நீண்ட எச்டிஎம்ஐ கேபிளை வரும் ஆண்டில் மாற்றியாக வேண்டும். அதற்கான செலவுக்கும், மூன்று நினைவுப் பொத்தான்களின் விளக்கத்தை அச்சிட்டுக் கருவியறைச் சுவரில் ஒட்டுவதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்