சால்ட் ராக் கடலில் என்னைத் தூக்கியவர்களுக்கு

டர்பன் உறவுகளுக்கு வணக்கம்.

மார்ச் மாதம் சால்ட் ராக் கடலில் நான் மூச்சு நின்று கிடந்த சேதி உங்களில் பலருக்கு எட்டியிருக்கும். வீடு தேடி வந்தவர்களும் உண்டு, கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை வைத்தவர்களும் உண்டு. எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கப்பல் பழுதுபார்க்கும் வெல்டர் வேலைக்காக இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. தாத்தா சங்கு குளித்தவர். அந்த நினைப்பில், கடலுக்கடியில் நான் கற்றுக்கொள்ள ஒன்றும் பாக்கியில்லை என்று இருந்துவிட்டேன்.

முதல் நன்றி சாட்ஸ்வர்த் மாமாவுக்கு. டர்பனிலேயே செய்கிற ராப் ஆலன் ஈட்டித் துப்பாக்கி, 120 சென்டிமீட்டர் நீளம், அவர் இருபது வருடமாக வைத்திருந்தது. "எடுத்துக்கிட்டுப் போப்பா, சுவத்துல தொங்கி என்ன பண்ணுது" என்று கையில் கொடுத்தார். குழலின் மேலே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ஈட்டி அதில் படுத்திருப்பதால் ரப்பர் இழுக்கும்போது வளையாது. பழைய சி.டி.க்களை நறுக்கி, நரம்பில் கோத்து, மீனைக் கிட்டே இழுக்க ஒரு பிளாஷரும் செய்து தந்தார். தண்ணீரில் அது மத்திக் கூட்டம் போல மின்னும். அப்புறம் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போய் ஈட்டி மீன்பிடிப்புக்கான பர்மிட்டை வாங்க வைத்தார். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மீனைச் சுடுவது இந்த நாட்டில் குற்றம், மூச்சை அடக்கித்தான் இறங்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அந்தக் காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. எட்டு மீட்டரில் பிளாஷருக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தேன். நீலத்துக்குள்ளிருந்து ஒரு கூட்டா வந்தது. ஊரில் சீலா, மெட்ராஸ் பக்கம் வஞ்சிரம் என்பார்களே, அதே மீன்தான். விலாவில் வரிவரியாகக் கோடு, இவ்வளவு பெரிய கண். சி.டி. துண்டைப் பார்க்க ஒரு வட்டம் அடித்துத் திரும்பியபோது சுட்டேன். மிதவைக் கயிறு கைக்குள் சூடு பறக்க ஓடியது. கூட்டாவின் சதை மென்மை, முரட்டுத்தனமாக இழுத்தால் ஈட்டி சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்காகத்தான் மாமா கயிற்றில் ஒரு பாகம் நீண்டுகொடுக்கிற ரப்பராக வைத்திருந்தார். படகில் தராசு பிடித்தபோது 18 கிலோ.

தலைக்கேறிய சந்தோஷத்தில், அடுத்த மீனுக்காக அவசர அவசரமாக ஏழெட்டு முறை மூச்சை இழுத்து விட்டேன். தப்பு அங்கேதான். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு கத்துவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு கூடுவதால். வேகமாக ஊதித் தள்ளினால் கரியமில வாயு குறைந்துபோகும், முட்டல் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும். 16 மீட்டரில் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. மேலே வர வர நீரழுத்தம் குறைந்து, மிச்சமிருந்த ஆக்சிஜனும் மூளைக்கு எட்டாமல் போக, கடைசி இரண்டு மூன்று மீட்டரில் நினைவு போய்விட்டது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது வரைதான் ஞாபகம்.

டோங்காட் அண்ணனே, நீங்கள் தண்ணீர்மேல் மிதந்தபடி என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலேயே இருக்க வேண்டும் என்ற உங்கள் கட்டளை எனக்கு முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். ஈயக்கட்டி கோத்த என் இடுப்புப் பட்டையைக் கழற்றி விட்டு, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, மாஸ்க்கை எடுத்துக் கண்ணில் ஊதிக் கன்னத்தில் தட்டினீர்கள். உங்களுக்குத் தமிழில் பாட்டி விட்டுப்போன பத்திருபது சொற்கள்தான் தெரியும். "எழும்பு, எழும்பு" என்று பள்ளிக்கூட நாளில் பாட்டி எழுப்பியது போலக் கூப்பிட்டீர்களாம். 20 விநாடி. திரும்பி வந்தபோது என் காதில் விழுந்த முதல் சத்தம் அதுதான்.

படகோட்டிய ஜூலு பெரியவரைப் பாபா என்றுதான் கூப்பிடுவேன். உடைகிற அலைக்குள் படகை ஒரு துளி கூடக் குலுங்க விடாமல் மணலில் ஏற்றினார், காசும் வாங்கவில்லை. ங்கியபோங்கா, நன்றி பாபா. ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க ஆக்சிஜன் வைத்து, மணிக்கொரு தரம் வந்து பார்த்த நர்சம்மாவுக்கும் நன்றி.

பெரியம்மா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு இப்படி ஆன கலவரத்திலும் அண்ணன் அந்த மீனைக் கீறி ரத்தம் வடித்து, ஐஸும் கடல்தண்ணியும் கலந்த பெட்டியில் போட்டிருந்தார். வெயிலில் விட்டால் இந்த இன மீன் சீக்கிரம் விஷமாகிவிடும், பார்வைக்கும் தெரியாது. நீங்கள் தலையை எனக்கென்று எடுத்துவைத்து, நான் வீடு வந்த மறுநாள் குழம்பு வைத்தீர்கள். வெந்தயம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு தாளித்து, தக்காளி கரைந்ததும் கெட்டிப் புளி, நீளவாக்கில் கீறிய கத்தரிக்காய். துண்டு போட்ட பிறகு கரண்டியே விடவில்லை, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினீர்கள். "இப்ப வேணாம், நாளைக்குத்தான் புளி ஏறும்" என்று மூடியும் வைத்துவிட்டீர்கள். புரட்டாசியில் கவிழ்த்து வைக்கிற அதே மண்சட்டி. என் அம்மா செய்வதும் அப்படியேதான். நாலு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வீட்டில் அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொன்னேனே, அது புகையில்லை பெரியம்மா.

என் பழைய பட்டை இன்னும் அந்தப் பாறையடியில்தான் கிடக்கும். மாமா புதுசு ஒன்று வாங்கிவந்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன், ஈயக்கட்டி இரண்டு குறைவாக இருக்கிறது. "மேல வந்தா தானா மிதக்கணும்" என்றார்.