பத்திரம் பதிந்தவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசின் ஊரமைப்பு அனுமதி வாங்காமல் போட்ட, அங்கீகாரமில்லாத மனைகள் பற்றிப் போன வார இதழில் வந்த கட்டுரையில், விலை குறைவு என்று ஆசைப்பட்டு விதி பார்க்காமல் வாங்கியவர்கள்தான் இன்று அவதிப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன். உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

என் அம்மா 1994ல் சீட்டுப் பணம் எடுத்து ஐந்தரை சென்ட் வாங்கினார். வயலாக இருந்த இடம்தான், கல் ஊன்றி மனை போட்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார்கள். சார்பதிவாளர் முத்திரைத்தாளை வாங்கிக்கொண்டு 'வீட்டுமனை' என்றே பதிந்து கொடுத்தார். மனை போட அரசு அனுமதி வேண்டும் என்ற நகர் ஊரமைப்புச் சட்டம் 1970களிலேயே வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அத்தனை வருடம் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் பதிந்தார்களே, விதி பார்க்காதவர் என் அம்மாவா?

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலம் அழிகிறது, ஏரி வாய்க்கால் மறைகிறது என்ற கவலை நியாயமானது, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. அடுத்த மாதமே, இத்தகைய மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் 22-ஏ பிரிவு பதிவுச் சட்டத்தில் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான அதே மனையைத் திரும்பப் பதியலாம் என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. சரி, நமக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தோம். அம்மா அந்த மனையை எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக எழுதி வைக்கப் போனபோது, முழு மனைதான் முன்பு பதிவானது, பாதி என்றால் அது 'அதே மனை' ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், ஏக்கர் கணக்கில் வயலை வெட்டி விற்பதும் ஒன்றா ஐயா?

மனை போட்டு விற்றவரை யாரும் கேட்கவில்லை. பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடத்தையும் அப்புறம் மனையாக விற்றுவிட்டார். சாலையைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை, அதனால் பஞ்சாயத்தின் பெயரில் இல்லாத சாலைக்கு எப்படித் தார் போடுவது என்று பஞ்சாயத்தில் கேட்கிறார்கள். பட்டாவோ இன்னும் பலர் பெயர் சேர்ந்த கூட்டுப் பட்டா. தனிப் பட்டாவுக்காக உட்பிரிவு செய்ய மனு கொடுத்தால் சர்வேயர் வரவேண்டும் என்பார்கள், சர்வேயர் வந்தால் எல்லைக்கல் இல்லை என்பார். 2017 மே மாதம், அங்கீகாரமில்லாத மனைகளைக் கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபோது வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் மனை வைத்திருப்பவர் தலையில்தான் வந்து விழுந்தன. 22-ஏ பிரிவு அமலான 2016 அக்டோபர் 20க்குப் பிறகு இப்படிப் போட்ட மனைகளை வாங்கிய ஏழைகளுக்கு அந்தக் கதவும் கிடையாது. இதில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எந்த மனையைப் பதியலாம், எதைப் பதிய முடியாது, குடும்பத்துக்குள் பாகம் பிரித்தால் என்ன விதி, என்னென்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பதிவுத் துறையிடமே கேட்டு, எளிய தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரு பதில் சொல்கிறார்கள். அங்கே காட்டிப் பேச எங்கள் கையில் அச்சில் ஏதாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி