எங்கள் லேத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

லேத், அதாவது எங்கள் கடைசல் இயந்திரம், ஓடுகிறது. நேற்று சாயங்காலம் சக்கில் (பொருளைப் பிடித்துச் சுற்றும் பிடியில்) ஒரு இரும்பு ராடைப் பிடித்து ஒரு கட் ஓட்டிப் பார்த்தோம், இரும்புச் சுருள் விழ ஆரம்பித்ததும் பட்டறையில் இருந்த ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. பழைய ஷெட்டை அவசரமாகக் காலி செய்துவிட்டு லேத்தைப் புது இடத்துக்குக் கொண்டு வந்த கதை உங்களுக்கே தெரியும். நன்றி சொல்வதுதான் பாக்கி.

முதலில் உசிலம்பட்டிப் பக்கம் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணனுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மதுரை புதூரில் எடுத்த புது இடத்தில், வீட்டு லைன் போல, சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். லேத்தில் இருப்பதோ 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார். சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாக மாற்றிக் கொடுக்கும் வி.எஃப்.டி. என்ற டிரைவைப் போடலாம், ஆனால் அந்தக் குறைந்த வோல்ட்டுக்கு மோட்டாரின் காயில் இணைப்பை ஸ்டாரிலிருந்து (மூன்று காயிலுக்கும் ஒரு முனையை ஒரே முடிச்சில் சேர்ப்பது) டெல்டாவுக்கு (மூன்றையும் முக்கோணமாக இணைப்பது) மாற்ற வேண்டும், அதற்குக் காயில்களின் ஆறு முனையும் வெளியே வர வேண்டும். மோட்டாரின் ஒயர் பெட்டியைத் திறந்தால் மூன்று ஒயர்தான். மற்ற மூன்று முனையையும் அந்தக் காலத்திலேயே காயிலுக்குள் சேர்த்துக் கட்டி மூடிவிட்டார்கள். எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றுதான் கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள், அதற்குக் காசு இல்லை.

இந்த அண்ணன் எங்களுக்கு உதவி செய்ய வந்தவரே இல்லை, ஒரு பம்புக்குப் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) கடைய வந்தவர். லேத் ஓடவில்லை என்றதும் அடுத்த பட்டறைக்குப் போயிருக்கலாம். "காயில் நல்லாருக்கு தம்பி, இதப் போயி எடைக்குப் போடுறேங்குறீங்களே" என்று சொல்லித் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். வார்னிஷ் இறுகிப்போன காயில் கட்டை மெதுவாகச் சூடுகாட்டி இளக்கி, நூலை அறுத்து, அந்த ஸ்டார் முடிச்சைத் தேடி எடுத்தார், ஒரு கம்பிகூட முறியவில்லை. மூன்று முனையையும் பிரித்து, எனாமலைச் சுரண்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, திரும்ப நூலால் கட்டி வார்னிஷ் ஊற்றினார். வார்னிஷ் காய ராத்திரி முழுக்கக் குண்டு பல்பு எரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். காலையில், காயிலில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கரோடு திரும்பி வந்து நின்றார், நாங்கள் கூப்பிடவே இல்லை. கிணற்று மோட்டார்கள் புகைந்து வரிசையாக வரும் வெயில் காலம் இது, அவர் கடையில் எத்தனை விவசாயச் சம்சாரிகள் காத்துக்கிடந்தார்களோ. கூலி என்று ஒரு பேச்சை எடுத்தோம், "என் புஷ்ஷ மட்டும் கடஞ்சு வைங்க" என்றார்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். செயின் பிளாக்கும் உருட்டுக் குழாயும் கொண்டு வந்து லேத்தை இறக்கிய லோடுமேன் அண்ணன்மார், தகடு வைத்து லேத்தின் படுக்கையை மட்டம் பார்த்துக் கொடுத்த டர்னர் ஐயா, கப்பலூரில் இருந்து டிரைவை வாங்கி வந்த நண்பர், எர்த் குழிக்குக் கரியும் உப்பும் சுமந்த பையன்கள், கணக்கே எழுதாமல் டீ அனுப்பிய எதிர்க்கடை அக்கா. எலெக்ட்ரீசியன் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாகச் சுற்றக்கூடாது என்பதில் அவன் பிடிவாதமாக நின்றான். எங்கள் சக் திருகு மரையில் ஏற்றியது, சட்டென்று பிரேக் போட்டால் கழன்று பறக்கும் என்று டிரைவில் நிற்கும் நேரத்தையும் நீட்டி வைத்திருக்கிறான். அதை யாரும் குறைக்காதீர்கள்.

அண்ணே, உங்கள் புஷ் தயார், காசு எடுத்து வராதீர்கள். இனி எந்தச் சம்சாரி கிணற்று மோட்டார் வேலை கொண்டு வந்தாலும், கையில் என்ன வேலை ஓடினாலும் இறக்கி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் சக்கில் ஏற்றுவோம். பட்டறையில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு இது.