பேங்காக்கில் மூன்று இரவு, பட்டாயா இல்லாமல்: எங்கள் விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறைக்கான பேங்காக் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து, கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பட்டாயாவை ஏன் காணோம்? மூன்று இரவும் ஒரே ஊரிலா? மற்ற இடங்களில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே, உங்களிடம் மட்டும் ஏன் இந்த விலை? ஒவ்வொருவரிடமும் அவசரமாகப் பதில் சொல்லி அனுப்புவதைவிட, நிதானமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் நேரக் கணக்கு. நான்கு நாள், மூன்று இரவு என்பது காகிதத்தில்தான் நான்கு நாள். போகிற நாளிலும் திரும்புகிற நாளிலும் பாதி விமான நிலையத்திலேயே கழிந்துவிடும். மிஞ்சுவது முழுதாக இரண்டு நாளும் இரண்டு அரை நாளும். பட்டாயா பேங்காக்கிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பேங்காக்கின் நெரிசலில் மாட்டினால் போக அரை நாள், வர அரை நாள். கடற்கரை பார்க்க பினாங்குக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டுமா? இங்கே பத்து பெரிங்கி கடற்கரையில் குடியிருக்கிறவர்கள்கூட எங்களிடம் பட்டாயா கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்கிறோம்.

நம்மில் பலருக்குத் தாய்லாந்து என்றால் ஹட்யாய்தான். காரை எடுத்தால் போய்விடலாம், சாப்பிட்டு, சாமான் வாங்கி, மசாஜ் செய்துகொண்டு திரும்பலாம். அது வேறு வகைப் பயணம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேங்காக் என்பது ஓர் அரசு தன் தலைநகரை ஆற்றங்கரையில் யோசித்து யோசித்துக் கட்டிய ஊர். 1782-இல் மன்னர் முதலாம் ராமா சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் அதை நிறுவினார். பினாங்கில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அந்தப் பழைய ஊர் இன்றும் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. அதனால் எங்கள் முதல் நாள் பேருந்தில் இல்லை, படகில்.

சாத்தோன் படகுத்துறை மேம்பால ரயில் நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே ஏறினால் வெயிலோ நெரிசலோ தெரியாமல் அரண்மனைப் பக்கம் போய் இறங்கலாம். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற அதே படகு, கட்டணமும் சில பாட்தான். அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தர் சிலையைப் பார்த்துப் பலர் ஏமாந்து போவதுண்டு. அதன் உயரம் 66 செண்டிமீட்டர்தான். பெயர்தான் மரகதம், கல் பச்சை ஜேட் வகை. ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது, மன்னரே வந்து அதன் உடையை மாற்றுவார். அதைக் கும்பிட்டுவிட்டு உடனே வெளியேறிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றி ஓடும் திண்ணைச் சுவரில் 178 ஓவியங்களில் ராமாயணம் முழுக்கத் தீட்டப்பட்டிருக்கிறது. எங்கள் திட்டத்தில் இதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

அந்தச் சுவரோரம் நடந்தால் கதை தெரிந்த நமக்கே பல இடங்களில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தாய்லாந்தின் ராமாயணமான ராமகீயனில் சீதை ராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். பிறந்ததுமே கைவிடப்பட்டவள். வெள்ளை அனுமன் தண்ணீருக்கு மேல் தன் உடலையே பாலமாக நீட்டிப் படையை நடக்கவிடுவான். வானரப் படையின் கவசத்திலும் அரண்மனை மாடங்களிலும் தங்கத் தாள் ஒட்டியிருப்பதால், மதிய வெளிச்சம் சாய்ந்து விழும்போது அந்த இடங்கள் மட்டும் மின்னும். வாசல்களைக் காப்பவர்கள் அரக்கர்கள். பச்சை முகத்தோடு நிற்பவர்களில் ஒருவன் ராவணன். கம்பராமாயணம் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது குடும்பத்தில் இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே வழிகாட்டி ஆகிவிடுவார்கள், எங்கள் ஆள் சும்மா பக்கத்தில் நின்றால் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. தோளும் முழங்காலும் மூடிய உடைதான் உள்ளே விடப்படும். அப்புறம், வாசலுக்கு முன் நல்ல உடுப்பில் ஒருவர் வந்து “இன்று அரண்மனை மூடல், வேறு கோயிலுக்கு துக்துக்கில் கூட்டிப் போகிறேன்” என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த வண்டி கடைசியில் ஒரு நகைக்கல் கடை முன்னால்தான் போய் நிற்கும். பல வருடமாக நடக்கிற ஏமாற்று இது.

பக்கத்தில் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். எதிர்க்கரையில் வாட் அருண், சீனப் பீங்கான் துண்டுகளால் பூவேலை செய்த கோபுரம். மாலையில் இந்தக் கரையிலிருந்து பார்ப்பதுதான் அழகு.

நாங்கள் உண்மையில் ஆசைப்பட்டுச் சேர்த்தது இரண்டாம் நாள் காலை. விடியும் முன்பே பாக் க்லோங் தலாட் பூச்சந்தைக்குப் போகிறோம். அது இரவு பகல் மூடாத சந்தை. நம் லிட்டில் இந்தியா பூக்கடைகளில் மாலை கட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. துலுக்கச் செவ்வந்தி மூட்டை மூட்டையாக இறங்கும். மல்லிகை மொட்டு ஐஸ் போட்டு வரும். கட்டுகிறவர்கள் நூலால் முடிச்சுப் போடுவதில்லை. ஒரு முழ நீள ஊசியில் மொட்டுகளை வட்ட வட்டமாகக் கோத்து, ஊசி நிறைந்ததும் அப்படியே நூலுக்கு இறக்கிவிடுவார்கள். நுனியில் குஞ்சம்போல் தொங்குவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அது எருக்கம்பூ. நாம் பிள்ளையாருக்குப் போடுகிற அதே பூ. தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வேறொரு பூவாக்கிவிடும் கைகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது.

அந்த மாலைகளோடு சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேங்காக்கில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். அவர்கள் தேங்காயும் பழமும் தட்டில் ஏந்தி வருவதையும், நம் குருக்கள் தீபாராதனை காட்டுவதையும் பார்க்கும்போது மனம் நிறையும். உள்ளே படம் எடுக்கக்கூடாது, போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். விஜயதசமிக்கு அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் போக விரும்புகிறவர்கள் வெகு முன்னதாகவே எங்களிடம் சொல்லுங்கள், அறை கிடைப்பது கடினம்.

அங்கிருந்து பழைய நகருக்குள் பெரிய ஊஞ்சல் இருக்கிற சதுக்கத்துக்கு. 1784-இல் நிறுவிய, இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள் கொண்ட ஊஞ்சல். ஆபத்தாக இருந்ததால் 1935-இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே அரச பிராமணர்களின் கோயில்: சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. ஒருகாலத்தில் இந்த ஊஞ்சல் ஆடியது எந்த விழாவுக்குத் தெரியுமா? திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களை இன்றும் தாங்கி நிற்கிற விழாவுக்கு. தமிழகத்திலிருந்து வந்த பிராமண மரபினர் என்று சொல்லப்படும் அந்தப் பூசாரிகள், ஊஞ்சல் நின்ற பிறகும் மார்கழி, தை வாக்கில் அந்த வழிபாட்டைத் தொடர்கிறார்கள். நம் பாடல்கள் உச்சரிப்பு உருமாறி அங்கே ஓதப்படுகின்றன. மார்கழியில் விடியற்காலை கோயிலில் திருவெம்பாவை பாடுகிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் இந்த இடத்தில் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. இவ்வளவு பழைய தொடர்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் குழுக்களை நேராகத் துணிக்கடைக்கு ஓட்டிப் போவது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள் காஞ்சனபுரி. இதுவும் பேங்காக்குக்கு வெளியேதான், போக வர நேரம் எடுக்கும். பட்டாயாவுக்கு இல்லை என்றவர்கள் இதற்கு மட்டும் எப்படி ஒரு நாள் ஒதுக்கினீர்கள் என்று கேட்கலாம். சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் பாதை அங்கே இருக்கிறது, அதனால்தான். 1942, 1943-இல் ஜப்பானிய இராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும் பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஆசை காட்டியும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி. கெடாவிலும் பேராக்கிலும் “தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை” என்று மட்டும் தெரிந்த குடும்பங்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள்.

அங்கே போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்து அழகாகப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்கு அப்படி வரிசையாகப் பெயர் கிடையாது. பக்கத்தில் உள்ள ரயில் பாதை அருங்காட்சியகம் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் பேசுகிறது, அதை அவசரப்படாமல் பாருங்கள். அந்தப் பாதையின் க்வாய் ஆற்றுப் பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் நேராக இருப்பவை குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றப்பட்டவை. பாலத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், ரயிலில் ஏறி தாம் கிராசே வரை போகிறோம். அங்கே மலைப்பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களில் பாதை வளைந்து போகும். ரயில் அந்த இடத்தில் ஊர்ந்துதான் போகும். ஒரு பக்கச் சன்னலில் கை நீட்டினால் தொடலாம் போல வெட்டிய பாறை, மறுபக்கம் கீழே ஆறு. அந்தப் பாறையைக் கையால் உடைத்தவர்கள் யார் என்று பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். விரும்புகிறவர்கள் கற்பூரமும் பூவும் கொண்டு வரலாம். ஆற்றங்கரையில் சிறிது நேரம் நிற்க ஏற்பாடு செய்கிறோம்.

சரி, விலை. பேங்காக் பயணம் மிக மலிவாக விற்கப்படும்போது மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டி நகைக்கல் கூடத்துக்குப் போகும், பிறகு தோல் கடை, தேன் கடை, மருந்துக் கடை. ஒவ்வொன்றிலும் குழுவை உட்கார வைத்து விளக்கம் சொல்வார்கள், வெளியேற விடமாட்டார்கள். நீங்கள் வாங்குவதில் வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் கமிஷன். விமானச் செலவுக்கும் அறைக்கும் விழுந்த நட்டத்தை அப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். வாங்காத குழுவை வழிகாட்டி முகம் சுளித்துக் கடிந்ததாக எங்களிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. எங்கள் திட்டத்தில் இந்த நிறுத்தங்கள் ஒன்றுகூடக் கிடையாது. வழிகாட்டிக்கு முழுச் சம்பளத்தையும் நாங்களே கொடுக்கிறோம். விலையில் தெரிகிற வித்தியாசம் அதுதான்.

சாமான் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி மாலை முழுக்க உங்களுடையது. புடவை, ஜரிகை, தைக்கிற சாமான் என்றால் பாகுராட், அதை ஒட்டிய சாம்பெங் சந்து. சனி, ஞாயிறு அமைந்தால் சாதுசாக் சந்தை. பட்டு பிடித்தவர்கள் ஜிம் தாம்சன் வீட்டைப் பார்க்கலாம். தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். 1967-இல் நம் கேமரன் மலைக்கு ஓய்வுக்கு வந்து, நடக்கப் போனவர் திரும்பவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்கள் கவலைப்படுகிறீர்கள். காய்கறி மட்டும் போட்ட குழம்பு என்று தந்தாலும் அதில் மீன் சாறு இருக்கும். நம் பினாங்கில் ஒன்பது பேரரசர் விழாவின்போது பார்க்கிற அதே மஞ்சள் கொடி தொங்குகிற கடைகளில் “ஜே” என்று கேளுங்கள். இறைச்சி, மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூட இருக்காது, விரதக்காரர்களுக்கும் ஆகும். குழுவுக்கு ஒரு வேளை இந்தியச் சாப்பாடும் ஏற்பாடாகியிருக்கிறது.

விமானம் வேண்டாம், ரயிலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், நேரம் இருந்தால் அது நல்ல அனுபவம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை நம் ரயில், குடிநுழைவுச் சோதனை இரு நாட்டுக்கும் அந்த நிலையத்திலேயே, பிறகு படுக்கை வசதியுள்ள தாய்லாந்து ரயிலில் இரவெல்லாம் பயணம். மறுநாள் காலையில் பேங்காக். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம் என்பதை ரயில் டிக்கெட் பார்க்கும்போது மறந்துவிடாதீர்கள். ரயிலில் போகிறவர்களுக்குத் திட்டத்தில் ஒரு நாள் கூட்டித் தருகிறோம்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை, ஆனால் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். 2025 மே முதல் தேதியிலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயம், அதுவும் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற இணையத்தளம் எதுவானாலும் போலி. உங்கள் எல்லோருக்கும் நாங்களே நிரப்பித் தருகிறோம். வேப் (மின்சிகரெட்) கொண்டு போகாதீர்கள், அங்கே அது சட்டவிரோதம். நிறைய பாட் மாற்றிச் சுமக்கவும் வேண்டாம், பெரும்பாலான கடைகளில் நம் வங்கிச் செயலியாலேயே அவர்கள் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டலாம். படகுக்கும் பூச்சந்தைக்கும் மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய கடப்பிதழ் முன்பக்கத்தின் தெளிவான படம், யார் யார் சைவம், படியேற முடியாத பெரியவர்கள் உண்டா என்ற மூன்றையும் அனுப்புங்கள். வாட் அருண் படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழேயே நிழலில் இடம் பார்த்து வைப்போம். சயாமுக்குப் போன தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். காஞ்சனபுரியில் ஆற்றங்கரையில் நிற்கும்போது அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லலாம்.

இப்படிக்கு,
உங்கள் பயண நிறுவனத்தார்
லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், பினாங்கு