அறிக்கையில் வரும் பொது ஐபி முகவரி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் இணைய இணைப்பின் தரத்தை அளப்பதற்காக நாங்கள் பொருத்தியிருக்கும் பெட்டியின் மென்பொருள் அண்மையில் புதுப்பிக்கப்பட்டதிலிருந்து, மாத அறிக்கையின் மேற்பகுதியில் 'பொது ஐபி முகவரி' (தங்கள் இணைப்பு வெளி இணையத்துக்குத் தெரியும் எண்) என்றொரு வரி வருகிறது. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்கள் முதல் காசிமேட்டு மீன் வியாபாரிகள் வரை பலரும் இது பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணும் அறிக்கையில் வேறோர் எண்ணும் இருப்பது ஏன் என்பது ஒன்று. கடை சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்க, எண்ணுக்குப் பக்கத்தில் மும்பை என்று போட்டிருப்பது ஏன் என்பது மற்றொன்று. தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக இது இல்லாததால் எழுத்தில் தருகிறோம்.

பெட்டிக்குத் தன் பொது முகவரி தானாகத் தெரியாது. ரூட்டர் அதற்குக் கொடுத்திருப்பது 192.168.1.7 போன்ற ஓர் உள் முகவரி. அதே எண் பக்கத்துக் கடையிலும், பெரம்பூரில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். பெட்டியிலிருந்து கிளம்பும் தகவல் வெளியே போகும்போது, ரூட்டர் அந்த உள் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருந்தாலும் வாசலில் ஒரே கதவு எண் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. உள்ளே இருப்பவருக்கு அந்தக் கதவு எண் தெரியவேண்டுமானால், தெருவில் நிற்கும் ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

ரூட்டரையே கேட்டால் போதாதா என்று விவரம் தெரிந்த சிலர் கேட்டார்கள். யூபிஎன்பி என்ற வசதியின் மூலம் கேட்கலாம். எங்கள் பெட்டியும் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய நான்காம் பதிப்பு ஐபியில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக அளவில் அவற்றைப் பங்கிடும் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. எனவே இணைய நிறுவனங்கள் பலவும் தங்கள் பக்கத்தில் இன்னோர் அடுக்கு முகவரி மாற்றத்தைச் செய்து, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. இதற்கென்றே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டன. தங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க இணைப்பு) என்ற வரியில் 100இல் தொடங்கி, இரண்டாம் எண் 64க்கும் 127க்கும் இடைப்பட்டதாக இருந்தால், ரூட்டர் தன் முகவரி என்று நினைத்துக்கொண்டிருப்பதும் உள் முகவரிதான். எண்கள் இரண்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலான கடைகளில் நாங்கள் கண்ட காரணம் இதுவே.

ஆகவே வெளியில் உள்ள சர்வரைத்தான் கேட்டாக வேண்டும். நாங்கள் முதன்மையாகப் பயன்படுத்துவது ஸ்டன் (STUN) என்ற நெறிமுறை. இது 2003இல் வெளிவந்து, 2008இலும் 2020இலும் திருத்தப்பட்டது. பெட்டி வெறும் 20 பைட் அளவுள்ள ஒரு கேள்வியை யூடிபி என்ற அனுப்பு முறை வழியாக, வழக்கமாகச் சர்வரின் 3478ஆம் போர்ட்டுக்கு (ஒரே முகவரியில் உள்ள பல வாசல்களில் ஒன்றின் எண்) அனுப்புகிறது. அதைப் பெறும் சர்வர், தகவல் எந்த முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டிலிருந்து வந்ததாகத் தனக்குத் தெரிகிறதோ அதைப் பதிலுக்குள் எழுதித் திருப்பி அனுப்புகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சில ரூட்டர்கள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பதிலின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் முகவரியையும் தேடிப் பிடித்து உள் முகவரியாக மாற்றிவிடுகின்றன. கேட்டவருக்கு அவருடைய உள் முகவரியே பதிலாக வந்து சேரும். இதைத் தவிர்க்க, 2008 திருத்தத்திலிருந்து முகவரியை அப்படியே எழுதாமல், நிலையான ஓர் எண்ணோடு பிட் பிட்டாகக் கலந்து மறைத்து எழுதுகிறார்கள். விளக்க நூல்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 203.0.113.45 என்ற முகவரியை எடுத்துக்கொண்டால், அது 234.18.213.111 என்ற உருவில் பயணம் செய்யும். ரூட்டர் அதைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. பெட்டி மீண்டும் அதே எண்ணோடு கலந்ததும் உண்மையான முகவரி வெளிப்பட்டுவிடும். ரகசியம் காக்கும் பூட்டு அல்ல இது. ரூட்டரின் கைக்கு எட்டாமல் வைக்கும் ஏற்பாடு மட்டுமே.

வலைத்தளம் ஒன்றைத் திறந்து முகவரி பார்க்கும் முறையும் சரியானதே, ஆனால் அலுவலகத்தில் பிராக்ஸியோ விபிஎன்னோ (தகவலை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடுகள்) இருந்தால் அதன் முகவரிதான் தெரியும். டிஎன்எஸ் (வலைத்தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வழியாகக் கேட்கும் முறையில், கேள்வியை இடையில் உள்ள டிஎன்எஸ் சர்வர் வாங்கிக்கொண்டு தானே கேட்டால், வருவது அந்தச் சர்வரின் முகவரியாக இருக்கும். ஆகவே டிஎன்எஸ் சோதனையின் விடையை அறிக்கையில் தனி வரியாகக் காட்டுகிறோம். அது மற்ற வரியோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இணைப்பின் தரத்தை அளக்க இந்த முகவரி எதற்கு என்றால், அளந்தது யாருடைய இணைப்பை என்பது இதிலிருந்துதான் தெரிகிறது. ஒவ்வொரு பொது முகவரியும், அதை நடத்தும் நிறுவனத்தின் வலையமைப்பைக் குறிக்கும் ஒரு தன்னாட்சி வலையமைப்பு எண்ணுக்குள் அடங்கும். உதாரணமாக பிஎஸ்என்எல்லுக்கு 9829, ஜியோவுக்கு 55836. தங்களில் பலர் ஃபைபர் இணைப்போடு, தெருவில் பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்தால் உதவட்டும் என்று ஒரு 4ஜி டாங்கிளையும் வைத்திருக்கிறீர்கள். ரூட்டர் சத்தமில்லாமல் டாங்கிளுக்கு மாறிவிட்ட நேரத்தில் எடுத்த வேகத்தை ஃபைபர் நிறுவனத்தின் கணக்கில் எழுதிப் புகார் கொடுத்தால் அந்தப் புகார் நிற்காது. அதனால் பெட்டி ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் முகவரியைக் கேட்கிறது. இடையில் வலையமைப்பு மாறியிருந்தால் அந்தச் சோதனை சராசரியில் சேர்க்கப்படாது. ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களைக் கேட்பதும் உண்டு. சில நிறுவனங்களின் முகவரி மாற்ற அடுக்கு, ஒரே வாடிக்கையாளருக்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பொது முகவரியைத் தரக்கூடும் என்பதால், அப்போது அறிக்கையில் இரண்டையும் அச்சிடுகிறோம். அது பழுதன்று. ஆறாம் பதிப்பு ஐபி உள்ள இடங்களில் பெட்டிக்கே பொது முகவரி இருக்கும். ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பது வழக்கம் என்பதால், எது வெளியே போகிறது என்பதை அங்கும் கேட்டே தெரிந்துகொள்கிறோம்.

மும்பை விஷயத்துக்கு வருவோம். முகவரிக்கு ஊர்ப்பெயர் சேர்ப்பது சில தரவுத்தளங்களின் ஊகம். முகவரித் தொகுதி எந்த அலுவலகத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரையே சில நேரம் அவை காட்டுகின்றன. அதை வைத்துத் தங்கள் இணைப்பு மும்பையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று முடிவு செய்வது தவறு. அப்படி உண்மையில் சுற்றுகிறதா என்பதை அதே அறிக்கையில் உள்ள தாமத அளவுகளில்தான் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பார்க்க வேண்டும். எங்களைக் கேட்டால், ஊர்ப்பெயரை நம்பாமல் வலையமைப்பு எண்ணை மட்டும் நம்புவதே நல்லது. வரும் அறிக்கைகளில் ஊர்ப்பெயரை எடுத்துவிடுகிறோம்.

முகவரியைச் சேமிப்பதில், இணையத்தை அளக்கும் உலகத் திட்டங்களே ஒன்றுபட்டு நடப்பதில்லை. அவற்றில் ஒன்றான எம்-லேப் (M-Lab) தன் வேகச் சோதனைத் தரவில் ஐபி முகவரியையும் பொதுவெளியில் வெளியிடுகிறது. மற்றொன்றான ஊனி (OONI) வலையமைப்பு எண்ணையும் நாட்டையும் வெளியிட்டு, முகவரியை இயல்பாகவே விலக்கிவிடுகிறது. நாங்கள் ஊனியின் வழியையே தேர்ந்தெடுத்தோம். முழு முகவரி தங்களுக்கு வரும் அறிக்கையில் மட்டும் இருக்கும். எங்கள் சர்வரில் கடைசி எண் நீக்கப்பட்ட வடிவமும் வலையமைப்பு எண்ணும் மட்டுமே நிற்கும். எனவே அறிக்கையை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதற்கு முன் அந்த வரியை மறைத்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து கடையின் சிசிடிவியை நேரடியாகப் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவும். ரூட்டரின் வான் முகவரியும் அறிக்கையின் பொது முகவரியும் வேறுபட்டால், ரூட்டரில் போர்ட் திறந்து வைத்துப் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியைப் பயன்படுத்த வேண்டும். எது தங்களுக்குப் பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால், வான் வரி தெரியும்படி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைப் படமெடுத்து, அறிக்கையின் முதல் பக்கத்துடன் எங்கள் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சேவைப் பிரிவு,
பழைய வண்ணாரப்பேட்டை.