ஆர்.வி. வாங்கிய மகளுக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து

கடலூர் முதுநகர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். போனில் சொன்னால் பாதியில் குட்டி எழுந்துவிடுவான், நீயும் ‘அப்புறம் கூப்பிடறேம்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பிரதி எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்.

அமெரிக்காவில் நீங்கள் பழையதாக வாங்கியிருக்கும் ஆர்.வி., அதுதான் உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டி, பார்க்கில் நிற்கும்போது கரன்ட் எடுக்கச் சொருகும் பிளக்கை நீ அனுப்பிய படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பின்னில் ஒன்று மட்டும் அடியில் பழுப்பேறி, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் லேசாக உப்பியிருக்கிறது. ‘இடி இறங்கியிருக்குமாப்பா’ என்று கேட்டிருந்தாய். இடியும் இல்லை, சர்ஜும் இல்லை, அதாவது வோல்டேஜ் திடீரென்று எகிறியதும் இல்லை. லூஸ் கான்டாக்ட். பழைய சொந்தக்காரர் கரன்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்சை அணைக்காமலே பிளக்கைச் சொருகி உருவியிருக்க வேண்டும். ஏ.சி. ஓடும்போது உருவினால் பொறி பறக்கும். பொறி பட்ட இடம் சொரசொரக்கும், சொரசொரப்பில் சூடு ஏறும், சூட்டில் சாக்கெட்டின் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கப் பார்க்காதே, பின் மேலிருக்கும் முலாம் போய்விடும். பிளக்கையே மாற்றிவிடு. கறுத்த பின்னை நல்ல சாக்கெட்டில் சொருகினால் அந்தச் சாக்கெட் கெடும். அது அடுத்து வருகிறவரின் பிளக்கைக் கெடுக்கும். ஊர் ஊராக ஆர்.வி. பார்க்குகளில் நோய் இப்படித்தான் பரவும்.

இனிமேல் ஒரே வரிசை. முதலில் வண்டிக்குள் ஏ.சி., ஹீட்டர் எல்லாம் அணை. அப்புறம் கம்பப் பெட்டியில், அதுதான் நீங்கள் பெடஸ்டல் என்கிறீர்களே, அதில் பிரேக்கரை அணை. அதன் பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். போடும்போதும் அப்படியே, எடுக்கும்போதும் அப்படியே. அரைமணி ஏ.சி. ஓடிய பிறகு பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அந்த இடம் வேண்டாம், வேறு இடம் கேள்.

மாப்பிள்ளை மலிவாக ஒரு சர்ஜ் புரொடெக்டர் பார்த்து வைத்திருக்கிறார் என்றாய். அவரிடம் பக்குவமாகச் சொல். அந்த மாதிரிப் பெட்டிக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லைகள்தான். எம்.ஓ.வி. என்பார்கள். சாதாரண வோல்டேஜில் சும்மா கிடக்கும். திடீரென்று ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எகிறி வந்தால், மதகு திறந்த ஏரியில் தண்ணீர் வடிவதுபோல அதை வேறு பக்கம் கடத்திவிடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை அது. ஒவ்வொரு அடிக்கும் வில்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பெட்டியில் ஜூல் என்று ஒரு எண் போட்டிருப்பது எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு. ஆனால் 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வோல்ட் வந்து அப்படியே நின்றால் அந்த வில்லையால் தாங்க முடியாது, அதுவே எரிந்துபோகும். 95 வோல்ட் வந்தாலோ அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

நம் கடைக்கு வரும் மோட்டார்களை நீதான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாயே. இடி விழுந்து எரிந்தது என்று வருவது அபூர்வம். மூடியைக் கழற்றியதும் காயில் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால் லோ வோல்டேஜில் இழுத்து இழுத்து வெந்தது. இரண்டு பங்கு கறுத்து, ஒரு பங்கு மட்டும் செம்பு நிறம் மாறாமல் பளபளத்தால் மூன்று ஃபேஸில் ஒரு ஃபேஸ் போனது தெரியாமல் ஓட்டியது. விவசாயிகள் பெரும்பாலும் ‘மேலே இடி விழுந்துடுச்சி’ என்றுதான் கொண்டுவருவார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

உங்கள் வண்டிக்கும் இதுதான் கதை. ஜூலை, ஆகஸ்ட் மத்தியானத்தில் பார்க்கில் இருக்கும் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடும். கடைசி வரிசைக்கு வந்து சேர்வதற்குள் 120 வோல்ட் 105, 100 என்று இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் வேலையைக் குறைத்துக்கொள்ளாது, ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். கிளம்புகிற நேரம்தான் மோசம். மோட்டார் கிளம்பும் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி குறையும். 120க்குப் பதில் 100 வந்தால் இழுவிசை 70 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் வேகும்.

ஆகவே வாங்குவதானால் இ.எம்.எஸ். என்று சொல்கிறார்களே, வோல்டேஜைக் காவல் காக்கும் அந்தப் பெட்டியை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு ஏ.சி. மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எம்.ஓ.வி.யும் அதில் இருக்கும். அதோடு வருகிற வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, பொதுவாக 104க்குக் கீழே இறங்கினாலும் 132க்கு மேலே ஏறினாலும் தானே துண்டித்துவிடும். எர்த் இல்லை, கரன்ட் வரும் லைனும் திரும்பிப் போகும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்றாலும் உள்ளே விடாது. கரன்ட் திரும்பி வந்ததும் உடனே கொடுக்காமல் சில நிமிடம் பொறுத்துக் கொடுக்கும், கம்ப்ரசருக்கு அந்த இடைவெளி அவசியம். அது துண்டித்தால் ‘இது தொல்லை’ என்று கழற்றி வைத்துவிட்டு நேராகச் சொருகாதே. அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

நியூட்ரல் சமாசாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நீ இங்கேதான் இருந்தாய். கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. திரும்பக் கரன்ட் வந்த பிறகுதான் கடையில் கூட்டம். நியூட்ரல் சரியாகச் சேராத தெருக்களில் 230 வர வேண்டிய வீட்டில் 300, 350 என்று வந்து டி.வி., ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் போயின. புயல் விட்டுவைத்ததைக் கரன்ட் கொண்டுபோனது என்று முதுநகரில் பேசிக்கொண்டார்கள்.

உங்கள் ஊரில் மூன்று ஃபேஸ் கணக்கு இல்லை. 120 வோல்ட் ஒயர் இரண்டு, அதைத்தான் ‘கால்’ (லெக்) என்பார்கள், நடுவில் நியூட்ரல். கால் இரண்டுக்கும் இடையே 240. நான்கு பின் உள்ள 50 ஆம்பியர் வண்டிக்கு இரண்டு காலும் வரும், மொத்தம் 12,000 வாட் எடுக்கலாம். உங்களுடையது மூன்று பின் 30 ஆம்பியர், ஒரு கால் மட்டும், 3,600 வாட்தான். ‘எங்களுக்கு ஒரே கால்தானேப்பா, நியூட்ரல் போனால் கரன்ட் நிற்கும், அவ்வளவுதானே’ என்பாய். உன் பிளக்கில் போனால் அவ்வளவுதான். பெட்டிக்குப் பின்னால், பார்க்கின் மெயின் நியூட்ரல் அறுந்தால்? உன் வண்டி ஒரு காலில், பக்கத்து வண்டி இன்னொரு காலில் என்று வைத்துக்கொள். இரண்டும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரீஸில், ஒன்றன்பின் ஒன்றாக, நின்றுவிடும். சீரீஸ் லாம்ப் பிடித்து வளர்ந்த பெண்ணுக்கு நான் என்ன சொல்ல. அவர் 1,200 வாட் ஏ.சி. போட்டிருக்கிறார், நீ ஏ.சி.யை அணைத்துவிட்டு 300 வாட்டுக்கு டி.வி., லைட் மட்டும் வைத்திருக்கிறாய் என்றால், அவருடையது 12 ஓம், உன்னுடையது 48 ஓம். நாலு ஆம்பியர் ஓடும். அவருக்கு 48 வோல்ட், உனக்கு 192. குறைவாகப் பயன்படுத்துகிறவனுக்குத்தான் அடி. இது மைக்ரோ நொடியில் முடிகிற சர்ஜ் இல்லை, யாராவது அணைக்கும்வரை நிற்கும். இ.எம்.எஸ். வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. நண்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவர்கள் ஆசையாக எலக்ட்ரீஷியனை வைத்து 30 ஆம்பியர் பாயின்ட் போட்டுக் கொடுப்பார்கள். அந்த மூன்று பின் சாக்கெட்டைப் பார்த்துத் துணி உலர்த்தும் மெஷினுக்கான பாயின்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் ஆட்கள் உண்டு. சொருகிய மறுநொடி வண்டியில் உள்ளதெல்லாம் போகும். யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், மீட்டர் வைத்து 120 என்று உன் கண்ணால் பார்த்த பிறகு சொருகு. உன்னிடம் இருக்கும் மல்டிமீட்டரே போதும்.

மாப்பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு எர்த் கம்பி அடிக்கப் போகிறேன் என்றாராம். நம் ஊரில் உப்பும் கரியும் போட்டு எர்த் குழி வெட்டி, சித்திரையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தவர், அப்படித்தான் தோன்றும். ஆனால் மண் நல்ல கடத்தி இல்லை. வண்டியின் உடம்பில் கரன்ட் கசியும்போது, கம்பிக்கும் மண்ணுக்கும் 25 ஓம் இருந்தால் 120 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர்கூட ஓடாது, 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, வண்டியின் உடம்பில் கரன்ட் நின்றுகொண்டே இருக்கும். பிரேக்கரை விழவைப்பது கம்பப் பெட்டியிலிருந்து கேபிளோடு வரும் எர்த் ஒயர்தான். பிளக்கில் அதற்கான பின் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். ரப்பர் டயரில் நிற்கிற வண்டி, எர்த் அறுந்தால் உடம்பு முழுக்கக் கரன்ட் ஏறினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவருக்குத்தான் தெரியும். குட்டிதான் செருப்பில்லாமல் ஓடுகிறவன். புது இடத்தில் சொருகியதும் தொடாமல் காட்டும் டெஸ்டர் பேனாவைக் கதவுப் பக்கம் கொண்டுபோய்ப் பார். அது கத்தினால் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிறகு யோசி. லேசாகச் சுரீரென்றாலும் ‘ஸ்டாட்டிக்’ என்று விட்டுவிடாதே.

மழைக்குச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் பலரும் தலைகீழாகச் செய்வார்கள். பிளக்கின் மேல் பாலித்தீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். உள்ளே வேர்த்து நீர் கோத்துக்கொள்ளும், சூடும் வெளியேறாது. மேலே மறைப்பு இருக்கட்டும், கீழே திறந்திருக்கட்டும். இ.எம்.எஸ். பெட்டியைத் தரையில் போடாமல் கம்பத்தில் தொங்கவிடு. கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விடு, நம் வீட்டு சர்வீஸ் ஒயருக்கு விட்டிருக்கிறோமே, அதே மாதிரி. ஓடிவரும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. மீதிக் கேபிளை வட்டமாகச் சுருட்டி வைத்துவிட்டு ஏ.சி. போடாதே, சுருளின் நடுவில் இன்சுலேஷன் உருகும். நீளம் போதவில்லை என்று புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷனைச் சேர்ப்பதும் கூடாது. 30 ஆம்பியருக்கு ஒயர் 10 கேஜைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

கால்வெஸ்டன் கடற்கரையில் இரண்டு வாரம் என்றாய். உப்புக் காற்று என்ன செய்யும் என்று தேவனாம்பட்டினத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். செம்பும் பித்தளையும் பச்சை பூத்துவிடும். திரும்பி வந்ததும் பின்களை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவை.

இடி மழை வருகிறதென்றால் வருவதற்கு முன்பே அணைத்து, உருவி, பிளக்கை உயரத்தில் வைத்துவிடு. நேராக இடி விழுந்தால் எந்தப் பெட்டியும் காக்காது. ஆனால் மின்னல் ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்து வெளியே ஓடாதே. வண்டி போனால் போகட்டும். கம்பப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் கிட்டே போகாதே, பார்க் ஆட்களைக் கூப்பிடு. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இங்கே ஊர்களுக்குள் புகுந்ததே, அப்போது மூழ்கிய மோட்டார்களைக் கழுவி, உலர்த்தி, மெக்கர் போட்டு இன்சுலேஷனைப் பார்த்து, வார்னிஷ் அடித்துப் பிழைக்க வைத்தோம். பிளக், சாக்கெட், பிரேக்கருக்கு அந்த வைத்தியம் கிடையாது. மூழ்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதே வருடம் ஜூலையில் பெரில் புயலில் ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கும் மேல் இணைப்புகள் கரன்ட் இல்லாமல் போனதே, நீயும் காருக்குள் ஏ.சி. போட்டுக் குழந்தையைத் தூங்க வைத்தாய். அந்த மாதிரி நேரத்தில் கரன்ட் போனதும் பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிடு. திரும்பி வரும்போது எல்லா ஏ.சி.யும் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் ஏறி இறங்கும், ஒன்றிரண்டு முறை வந்து வந்து போகும். பக்கத்து வண்டியில் விளக்கு வந்து ஒரு அரைமணி நிதானமாக எரியட்டும், அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போடு. உங்கள் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போனால் மூச்சு விடலாம், உங்களுக்கு அரை வருடம்.

அம்மா பண்ருட்டி முந்திரியும் வறுத்த மல்லாட்டையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். ஹூஸ்டனுக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நாள் மத்தியானம் ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து எழுதி அனுப்பு. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். எர்த் கம்பி விஷயத்தை நானே எடுக்கட்டுமா, இல்லை அதற்குள் நீ சொல்லிவிடுகிறாயா என்று ஒரு மெசேஜ் போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா