காய்ச்சல் கேட்காவிட்டால் இன்னுமொரு குளிசையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் மருந்தை அளவோடு எடுப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று தலைப்புப் போட்டு, அதையே மூன்று இடத்தில் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். அளவு எது, மிஞ்சுவது எங்கே தொடங்குகிறது, அதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பழமொழி தெரியாததால் எங்கள் ஊரில் யாரும் கூடுதலாகக் குளிசை போடுவதில்லை.

நான் திருகோணமலையில் 29 வருடம் மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். போன மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு கார்த்திகை இரவு, பக்கத்து வீட்டுத் தங்கச்சி குடையோடு வந்து வாசலில் நின்றாள். "அண்ணை, மூத்தவன்ர காய்ச்சல் பனடோலுக்கும் கேக்குதில்லை. இன்னும் ரெண்டு குடுக்கட்டோ?"

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஆறிப்போன தேத்தண்ணி, அதைச் சுற்றி வெறும் குளிசைக் காட்கள். எண்ணினேன். காலையிலிருந்து 13 பனடோல். அதோடு கடையில் வாங்கிய சளி, தடிமன் குளிசை 4. அந்தக் காட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தை வாசித்தால், ஒவ்வொரு குளிசையிலும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல், பனடோலில் இருக்கும் அதே மருந்து, அதே அளவு. எல்லாமாக எட்டரைக் கிராம். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்சம் 4 கிராம்.

"அது வேற குளிசை எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே 1970களில், மருந்தை வணிகப் பெயரால் அல்ல, உட்பொருளின் பெயரால் எழுத வேண்டும் என்று நின்றது விலையைக் குறைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று அந்த ஸ்டூலுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அதன் மற்றப் பக்கமும் விளங்கியது.

அந்த இரவே பெடியனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரத்தம் சோதித்து, நஞ்சை முறிக்கும் மருந்து கொடுத்தார்கள். தப்பிவிட்டான். காய்ச்சல் டெங்கு என்று பிறகு தெரிந்தது.

சரி, எட்டரைக் கிராம் போட்டும் காய்ச்சல் ஏன் கேட்கவில்லை? உங்கள் கட்டுரை தொட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலான மருந்துகள் வாங்கிகள் என்ற, கலங்களில் மருந்து போய் ஒட்டும் இடங்களிலோ, உடம்பின் வேதிவேலைகளை நடத்தும் நொதியங்களிலோ பொருந்தித்தான் வேலை செய்கின்றன. அந்த இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 2009இல் பாலம் வருமுன் எங்கள் பக்கத்துக் கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதையில் இடமிருந்தால், இன்னும் பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரும் ஏறலாம். நிரம்பிவிட்டால், கரையில் நூறு பேர் வந்து நின்றாலும் ஒரு தடவைக்குப் போகக்கூடியது அவ்வளவு பேர்தான்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு மருந்தின் குறித்த ஓர் அளவில், அது தரக்கூடிய உச்சப் பயனில் 50 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். அளவை இரட்டித்தால் 100 வராது. எளிய முறையில் வாங்கியில் பொருந்தும் மருந்தென்றால் 67தான் வரும். நாலு மடங்குக்கு 80, எட்டு மடங்குக்கு 89. பதினாறு மடங்கு விழுங்கினாலும் 94. மருந்தளவை மடக்கையில் எடுத்து, அதாவது ஒவ்வொரு படியும் முன்னையதன் இத்தனை மடங்கு என்று வைத்து, வரைபு கீறினால் சரித்து எழுதிய எஸ் எழுத்துப் போல வரும்: அடியில் ஒன்றும் நடவாது, நடுவில் விறுவிறென்று ஏறும், மேலே போய்ப் படுத்துவிடும். அந்தப் படுத்த இடத்தில் நின்றுகொண்டுதான் நாங்கள் "கேக்குதில்லை" என்று இன்னுமொன்று போடுகிறோம்.

தீங்கு வேறொரு கோட்டில் போகிறது. பயன் படுத்துவிட்டது என்பதற்காக அது நிற்பதில்லை. வழமையான அளவில் பரசிற்றமோலின் பெரும்பங்கை ஈரல் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். சிறு பங்கொன்றுதான் நஞ்சாகும். அதையும் ஈரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் பிடித்து அடக்கிவிடும். அளவு கூடக்கூட அந்தக் கையிருப்பு கரைகிறது. காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவரிடம் அது முன்னமே குறைவு. கையிருப்பு தீர்ந்தால் நஞ்சு ஈரற் கலங்களையே தாக்கும். முதல் நாள் வயிற்றைப் பிரட்டுவதோடு நின்றுவிடும், ஆள் சும்மா இருப்பதுபோல் தெரியும். சேதம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே வரும். அதற்குள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள்.

எல்லா மருந்தும் ஒரே சாதி இல்லை. விருந்துக்குப் போகுமுன் கொழுப்புக் குளிசை இரண்டு போட்டுக்கொள்ளும் ஐயா ஒருவரை எனக்குத் தெரியும்.  கொழுப்புக் குளிசையான அற்றோவஸ்ரற்றின் 10 மில்லிகிராம் கெட்ட கொழுப்பை 35 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். அதை 20 ஆக்கினால் மேலதிகமாகக் கிடைப்பது ஆறு சதவீதம் போலத்தான், அதுவும் கிழமைக்கணக்கில் எடுத்தால். அன்றைய கொத்துரொட்டிக்கு அது ஒன்றும் செய்யாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் இதற்கு நேர்மாறு. அதை உடைத்து வெளியேற்றும் நொதியம் வழமையான அளவிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் நாங்கள் கூட்டியது மூன்றில் ஒரு பங்கு. இரத்தத்தில் அது இரண்டு மடங்கையும் தாண்டலாம், ஆள் வெறிகாரரைப் போலத் தள்ளாடுவார். பழமொழியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

குறைத்துப் போடுகிறவர்களைப் பற்றியும் பழமொழி பேசாது. பிரஷர் இறங்கிவிட்டது என்று குளிசையைப் பாதியாக முறிப்பவர்கள் அந்தக் கோட்டில் கீழ் நோக்கி இறங்குகிறார்கள். எவ்வளவு பலன் குறையும் என்பது மருந்துக்கு மருந்து வேறு.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாரி தொடங்குகிறது, டெங்கும் வரும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் இல்லை, அடுத்ததற்கு ஆறு மணித்தியாலம், குறைந்தது நாலு மணித்தியாலமாவது போக வேண்டும், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை, மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு, பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து, ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 உள்ள பாணியென்றால் ஏழரை மில்லிலீற்றர், குசினிக் கரண்டியால் அல்ல, அளவுக் குவளையால். டெங்கு என்று சந்தேகம் வந்தால் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற வலிக் குளிசைகள் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

மருந்து கட்டிக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடதாசி உறையிலும் இதை எழுத இடம் இருக்கிறது. ‘மூன்று வேளை’ என்று மட்டும் எழுதினால், விடிய ஆறு மணிக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இதை மற்றவர்களுக்குப் புத்தியாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். 29 வருடமும் நான் அந்த உறைகளில் ‘மூன்று வேளை’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.